கடைத்தெருவில் விழுந்த சுவர்கள்

வணிகனுக்குக் கடையின் முகப்பு ஒரு மூலதனம். சரக்கு உள்ளே இருக்கிறது. ஆயினும் வாங்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது முகப்பே. ஆதலால் பழைய பட்டணம் எதுவாயினும், கடைவீதிக் கட்டடங்கள் பின்புறத்தில் எளிமையாகவும், வீதியை நோக்கிய பக்கத்தில் ஆடம்பரமாகவும் எழுப்பப்பட்டிருப்பதைக் காணலாம். கூரைக்கு மேலும் சில அடி உயர்ந்து நிற்கும் கைப்பிடிச் சுவர், அதன்மீது சுதையாற் செய்த ஜாடிகள், நடுவில் கட்டடம் எழும்பிய ஆண்டைப் பொறித்த மாடம், இவை மழையைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல; பாரத்தைத் தாங்குவதற்காகவும் அல்ல. உரிமையாளரின் செல்வாக்கை ஊருக்கு அறிவிப்பதே அவற்றின் வேலை. பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் முதலிய இடங்களின் பழைய கடைவீதிகளில் நடந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று.

நிலம் அசையாதவரை இவ்வலங்காரத்தால் எவருக்கும் பெருங்கேடில்லை. நிலம் அசையும் நாளிலோ, அதுவே வீதியில் நடப்பவர் தலைக்கு மேல் தொங்கும் பாரமாகிவிடுகிறது. அந்தப் பாரம் விழுந்தால் அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார்? முகப்பை எழுப்பியவரா, அதன் கீழே நடந்தவரா? இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர், நியூசிலாந்து நாட்டின் இரண்டு பட்டணங்களின் வரலாற்றை ஊன்றிப் படித்தல் வேண்டும். ஒன்று நேப்பியர், மற்றொன்று கிறைஸ்ட்சர்ச். முன்னதன் கடைத்தெரு 1931-ம் ஆண்டிலும், பின்னதன் கடைத்தெரு 2011-ம் ஆண்டிலும் வீழ்ந்தன. இடையே எண்பது ஆண்டுகள் சென்றன. முதற்பட்டணம் கற்பித்த பாடத்தை இரண்டாம் பட்டணம் எவ்வளவு தூரம் கற்றது என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள்.

நேப்பியர்

நியூசிலாந்தின் வடதீவில், கீழ்க்கரையை ஒட்டி அமைந்த சிறு துறைமுகப் பட்டணம் நேப்பியர். 1843-ல் சிந்து நாட்டை ஆங்கிலேயர் வசமாக்கிய சேனாதிபதி சார்லஸ் நேப்பியரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பட்டணத்துக் குன்றுக்குச் 'சிந்துத் தீவு' என்று பெயர். அதன் முக்கிய வீதிகளுள் ஒன்று ஹேஸ்டிங்ஸ் வீதி; பூங்காவின் பெயர் கிளைவ் சதுக்கம். இந்திய சரித்திரம் படித்த நமக்கு இப்பெயர்கள் நன்கு பழக்கமானவை. இந்தியாவில் ஈட்டிய வெற்றிகளை ஆங்கிலேயர் பசிபிக் சமுத்திரத்தின் ஓரத்திலும் பெயராக நட்டு வைத்தனர்.

1931-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. நியூசிலாந்தில் அது கோடைக் காலம். நீண்ட விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த நாள். காலை 10 மணி 47 நிமிஷத்துக்குப் பூமி குலுங்கிற்று. நடுவே சற்று ஓய்ந்து மீண்டும் எழுந்த அந்த அசைவு ஏறக்குறைய இரண்டரை நிமிஷம் நீடித்தது. பூகம்பத்தின் அளவு 7.8. நேப்பியரிலும், அதற்கு அண்மையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் என்னும் பட்டணத்திலும் செங்கற் கட்டடங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. சுற்றுவட்டாரம் முழுவதிலும் இறந்தோர் 256 பேர். ஹேஸ்டிங்ஸ் பட்டணத்தில் ரோச் என்னும் பெரிய துணிக்கடை இடிந்து, பணியாளரும் வாடிக்கையாளருமாகப் பலர் உள்ளேயே மாண்டனர்.

கட்டடம் இடிந்ததோடு துன்பம் முடியவில்லை. ஹேஸ்டிங்ஸ் வீதியிலிருந்த மருந்துக் கடைகளில் சில நிமிஷங்களுக்குள் தீ மூண்டது. எரியும் அடுப்பும் எளிதிற் பற்றும் திரவங்களும் ஒரே அறையில் இருக்கும் கடை மருந்துக் கடை. தீயணைப்புப் படையினர் குழாயைத் திறந்தபோது, பூமிக்கடியிலிருந்த நீர்க்குழாய்கள் முறிந்திருந்தமையால் நீரின் வேகம் விரைவில் அற்றுப்போயிற்று. காற்றும் தீக்குத் துணை நின்றது. பட்டணத்தின் வணிகப் பகுதியிற் பெரும்பாகம் சாம்பலாயிற்று. அப்பொழுது துறைமுகத்தில் நின்ற 'வெரோனிக்கா' என்னும் போர்க்கப்பலின் கம்பியில்லாத் தந்தியே வெளியுலகிற்கு இச்செய்தியை அறிவித்தது. அதன் மாலுமிகள் கரையேறி, இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க உழைத்தனர்.

கடைக்காரருக்கு மற்றோர் இடியும் காத்திருந்தது. தீக்கென்று இன்ஷியூரன்ஸ் செய்திருந்தவர் பலர்; ஆனால் பெரும்பாலான பத்திரங்களில், பூகம்பத்தினால் மூண்ட தீக்கு ஈடு கிடையாது என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஆண்டோ உலகமெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்த ஆண்டு. மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்ட கொடிய காலமும் அதுவே. அத்தகைய நேரத்தில் கடையையும் சரக்கையும் ஒரு பகலில் இழந்தவர்களின் நிலையை நம்மவர் எளிதில் உணர்வர்.

சுவர் வீழ்ந்த விதம்

செங்கற் கடைகள் ஏன் அவ்வளவு எளிதில் வீழ்ந்தன? செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர், மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்தை நூறு ஆண்டுகளும் தாங்கும். பக்கவாட்டில் உலுக்கினாலோ அதற்கு வலுவில்லை. மாடித் தளத்தின் மர உத்திரங்கள் சுவரிலுள்ள பொந்துகளில் வெறுமனே செருகப்பட்டிருக்கும். சுவருக்கும் தளத்துக்கும் உறுதியான பிணைப்பு இராது. நிலம் குலுங்கும்போது தளம் ஒருபுறமும் சுவர் மறுபுறமும் ஆடும். பிணைப்பற்ற சுவர் வெளிப்பக்கமாகச் சாயும்; வெளிப்பக்கம் என்பது வீதி.

கூரைக்கு மேல் நிற்கும் கைப்பிடிச் சுவரின் நிலை இன்னும் மோசமானது. கட்டடத்தின் உச்சியிலேயே ஆட்டம் மிகுதி. அங்கே எதையும் பற்றாமல் தனியே நிற்கும் சுவர் முதலில் விழுவதில் வியப்பில்லை. கடையின் கீழ்த்தளமும் வலுக்குறைந்ததே. சரக்கைக் காட்டுவதற்காகப் பெரிய கண்ணாடிச் சன்னல்களை வைக்க வேண்டிச் சுவரை அகற்றி, மெல்லிய தூண்களை மட்டும் நிறுத்தியிருப்பார்கள். இவ்வாறு மேலே பாரமும் கீழே வெறுமையுமாக நின்றது கடையின் முகப்பு. அஞ்சி வெளியே ஓடி வந்தவர்கள், சுவர் விழும் இடத்திற்கே ஓடி வந்தனர்.

இதற்கு மாறாக, இரும்புக் கம்பி வைத்துக் காங்கிரீட்டினால் கட்டப்பட்ட சில கட்டடங்கள் நேப்பியரில் நிலைத்து நின்றன. டென்னிசன் வீதியில் 1922-ல் எழுந்த பொதுப் பொறுப்பாட்சி அலுவலகம் அசைவையும் தாங்கிற்று, தீயையும் தாங்கிற்று. ஒரே வீதி, ஒரே பூகம்பம். ஒன்று நின்றது, மற்றது வீழ்ந்தது. காரணம் கட்டிய முறையில் இருந்ததென்பதை அன்றே எல்லாரும் கண்ணாரக் கண்டனர்.

புதுப் பட்டணம்

நேப்பியர் மக்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. நகரசபைக்குப் பதிலாக, நீதிபதி ஜான் பார்ட்டன், பொறியாளர் கேம்பெல் என்னும் இருவரைச் சர்க்கார் ஆணையர்களாக நியமித்தது. 1933 வரையில் பட்டணத்தின் பொறுப்பு முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. பூகம்பம் நிகழ்ந்து ஆறு வாரங்களுக்குள் கிளைவ் சதுக்கத்தில் தகரத்தால் ஆன தற்காலிகக் கடை வரிசைகள் எழுந்தன. 'தகரப் பட்டணம்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட கடைகள் வியாபாரத்தைத் தொடங்கின. கடை திறந்தால் ஊர் பிழைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நிலையான கட்டடங்களைப் பற்றியோ அவர்கள் அவசரப்படவில்லை. போட்டியாளர்களான நான்கு கட்டடக் கலைஞர் நிறுவனங்கள் ஒன்றுகூடி வேலையைப் பகிர்ந்துகொண்டன. குறுகலான வீதிகள் அகலமாக்கப்பட்டன. மூலைக் கட்டடங்களின் கோணங்கள் வெட்டப்பட்டு, வண்டி ஓட்டுவோர் பார்வைக்கு வழிவிடப்பட்டது. மின்சாரக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் பூமிக்கடியிற் சென்றன. நம் பட்டணங்களில் 'அஞ்சடி' என்று வழங்கும் நடைபாதையைப் போல, அங்கேயும் கடைகளுக்கு முன்னால் தாழ்வாரம் உண்டு. முன்னர் அது தூண்கள்மீது நின்றது; புதுப் பட்டணத்தில் சுவரிலிருந்தே இரும்புக் கம்பிகளால் தாங்கப்பட்டது.

கட்டடங்கள் பெரும்பாலும் காங்கிரீட்டினாலானவை. ஒன்று அல்லது இரண்டு தளங்களே. மேலே கனத்த மாடமில்லை, ஜாடியில்லை, வெளியே நீண்ட வேலைப்பாடில்லை. அழகுக்காகச் சுவரிலேயே மெல்லிய கோலங்கள் பதிக்கப்பட்டன, வண்ணம் தீட்டப்பட்டது. 'ஆர்ட் டெக்கோ' என்று உலகம் வழங்கும் அம்முறை, செலவிலும் சிக்கனமானது, அசைவிலும் பத்திரமானது. 1933 சனவரியில் புதுப் பட்டணத் திருவிழாவைக் கொண்டாடினர். அன்று அச்சத்தால் எளிமையாகக் கட்டிய அந்தக் கடைவீதியைக் காண்பதற்கே இன்று பல நாட்டு யாத்திரிகர்கள் வருகின்றனர். ஆபரணத்தைக் குறைத்ததால் நேப்பியர் தன் அழகை இழக்கவில்லை.

சட்டம் விட்டுவிட்ட சுவர்கள்

நேப்பியர் வீழ்ந்த ஆண்டிலேயே கட்டட விதிகளை வகுக்க நியூசிலாந்து சர்க்கார் ஒரு குழுவை அமைத்தது. அதன் பயனாக 1935-ல் மாதிரிக் கட்டட விதி வெளியாயிற்று. கட்டடம் தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு விசையைப் பக்கவாட்டில் தாங்கவேண்டும் என்பது அதன் சாரம். அறிவுடைய ஏற்பாடுதான். ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. நகரசபைகள் விரும்பி ஏற்றால்தான் அது செல்லும் என்பது ஒன்று. புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமே அது பொருந்தும் என்பது மற்றொன்று. முன்னரே நின்ற செங்கற் கடைகள் இருந்தபடியே இருந்தன.

1942-ல் பூகம்பங்கள் தலைநகரான வெல்லிங்டனைக் குலுக்கிய பின்னர், அந்நகரத்தார் பல கட்டடங்களின் கைப்பிடிச் சுவர்களையும் மாடங்களையும் இறக்கினர். 1968-ல் பழைய கட்டடங்களின்மேல் நடவடிக்கை எடுக்க நகரசபைகளுக்குச் சட்டம் அதிகாரம் அளித்தது. அதிகாரம் கிடைத்தது; கட்டாயம் இல்லை. 2004-ம் ஆண்டுச் சட்டமோ, புதுக் கட்டடத்துக்குரிய வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத கட்டடம் பூகம்ப ஆபத்துக்குரியது என்று வரையறுத்து, அதைப் பற்றிய கொள்கையை ஒவ்வொரு நகரசபையும் வகுக்கவேண்டும் என்றது. பல ஊர்களில் உரிமையாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட தவணை பத்தாண்டுக் கணக்கில் நீண்டது. தென்தீவின் பெரிய நகரமான கிறைஸ்ட்சர்ச்சில் பூகம்பம் தங்கள் ஊருக்கு வரும் என்று எண்ணியவர் சிலரே. அவர்களுடைய அச்சமெல்லாம் வெல்லிங்டனைப் பற்றியே இருந்தது.

கிறைஸ்ட்சர்ச்

2010-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, விடியற்காலை 4 மணி 35 நிமிஷம். நகரத்துக்கு மேற்கே சுமார் 25 மைல் தூரத்தில் 7.1 அளவுள்ள பூகம்பம் எழுந்தது. கடைவீதிகளில் கைப்பிடிச் சுவர்கள் விழுந்தன. முகப்புகள் நடைபாதையில் குவிந்தன. ஆனால் நடைபாதையில் மனிதர் இல்லை. நகரம் உறங்கிக்கொண்டிருந்தது. நேரடியாக ஓர் உயிரும் போகவில்லை. ஊரார் மகிழ்ந்தனர், மகிழ்ச்சிக்குக் காரணமும் இருந்தது. அதே சுவர்கள் நண்பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தச் செங்கற் குவியல்கள் ஊருக்குச் சொல்லாமற் சொல்லின. திசம்பர் 26-ந் தேதி, பண்டிகைக்கு மறுநாள் நடக்கும் மலிவு விற்பனையின்போது நகரத்துக்கு அடியிலேயே ஒரு சிறு அசைவு ஏற்பட்டு, மேலும் பல கடைகளை மூடவைத்தது. இரண்டு எச்சரிக்கைகள் இலவசமாகக் கிடைத்துவிட்டன.

செப்டம்பர் பூகம்பத்திலிருந்து 171-ம் நாள், 2011 பிப்ரவரி 22. நேப்பியரைப் போலவே செவ்வாய்க்கிழமை. பகல் 12 மணி 51 நிமிஷம். அலுவலகத்தார் பகலுணவுக்கு வெளியே வந்திருந்த நேரம். இம்முறை அளவு 6.2 மட்டுமே, ஆயினும் அது நகரத்தை ஒட்டி, பூமியின் மேற்பரப்புக்கு மிக அருகில் எழுந்தது. நிலத்தின் ஆட்டம் கட்டட விதிகள் எதிர்பார்த்ததற்கும் மேலாக இருந்தது. இறந்தோர் 185 பேர்.

அவர்களுள் 115 பேர் ஒரே கட்டடத்தில் மாண்டனர். சி.டி.வி. கட்டடம் என்னும் அந்த ஆறு மாடி வணிகக் கட்டடம், பழைய செங்கற் கட்டடமன்று. 1980-களில் எழுந்த காங்கிரீட் கட்டடம். ஆங்கிலம் கற்பதற்காக அயல்நாடுகளிலிருந்து வந்திருந்த மாணவர் பலர் அதிலிருந்தனர். அதன் வரைபடத்திலேயே குறைகள் இருந்தன என்றும், அதற்கு அனுமதி அளித்திருக்கக் கூடாதென்றும் பின்னர் விசாரித்த அரச ஆணையம் கண்டது. காங்கிரீட் என்ற பெயர் மட்டும் உயிரைக் காக்காது. கணக்குச் சரியாக இருத்தல் வேண்டும். கணக்கைச் சரிபார்ப்பவரும் இருத்தல் வேண்டும்.

மற்றொரு அலுவலகக் கட்டடத்தில் 18 பேர் இறந்தனர். ஏறக்குறைய நாற்பது பேரைக் கொன்றவை பழைய செங்கற் சுவர்கள். இந்த நாற்பதின்மருள் மிகப் பெரும்பாலோர் கட்டடத்துக்குள் இருந்தவர் அல்லர். வெளியே, நடைபாதையிலும் வாகனங்களிலும் இருந்தவர்கள். நகரின் நடுவே செல்லும் கொலம்போ வீதியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேருந்தின்மேல் கடை முகப்பு விழுந்தது. உள்ளே இருந்தவர்களுள் எட்டுப் பேர் மாண்டனர். உயிர் தப்பியவர் ஒருவரே. முந்திய அசைவுகளிலேயே பழுதுற்று ஆளில்லாமல் மூடிக் கிடந்த கட்டடங்களும் வீதியில் சென்றோரைக் கொன்றன. அவற்றின் முன்னே வைத்திருந்த தடுப்பு வேலிகள், சுவர் விழும் தூரத்துக்கு நீளவில்லை. கட்டடத்துக்குள் இருப்பவரைக் காக்க எண்ணிக் கதவைப் பூட்டினார்கள். வீதியில் போகிறவரை யாரும் போதிய அளவு நினைக்கவில்லை.

நகரின் நடுப்பகுதி வேலியிட்டு மூடப்பட்டது. அந்த வேலி முழுவதும் அகற்றப்பட 2013 சூன் வரை சென்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் அங்கே இடித்துத் தள்ளப்பட்டன. 2011 அக்டோபரில், கேசல் வீதியில் கப்பற் சரக்குப் பெட்டிகளைக் கடைகளாக்கி மீண்டும் வியாபாரம் தொடங்கினர். நேப்பியரின் தகரப் பட்டணம் எண்பது ஆண்டுகளுக்குப் பின் இரும்புப் பெட்டிகளாக மறுபிறவி எடுத்தது எனலாம்.

யார் கொடுக்கும் விலை?

பேருந்தில் உயிர் தப்பிய அந்தப் பயணி சும்மா இருக்கவில்லை. கட்டடம் முழுவதையும் வலுப்படுத்தக் காலமும் பணமும் வேண்டுமென்றால், வீதியை நோக்கிய முகப்பையும் கைப்பிடிச் சுவரையுமாவது முதலில் பிணையுங்கள் என்று வாதாடினார். 2016-ல் இயற்றிய சட்டத் திருத்தம் அவ்வாதத்தை ஏற்றது. மக்கள் மிகுதியாக நடமாடும் வீதியின்மேல் விழக்கூடிய சுவர்களுக்கு, மற்றவற்றுக்குக் கொடுத்த தவணையிற் பாதியே கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கைக்கோராப் பகுதியில் பெரும் பூகம்பம் எழவே, வெல்லிங்டன் முதலிய சில இடங்களில் இத்தகைய சுவர்களை ஓராண்டுக்குள் பிணைக்குமாறு சர்க்கார் ஆணையிட்டு, செலவில் ஒரு பகுதியைத் தானும் ஏற்றது. 2024-லோ, பழைய கட்டடங்களுக்குரிய தவணைகள் மீண்டும் நான்கு ஆண்டுகள் நீட்டப்பட்டன.

தவணையை நீட்டுவோர் சொல்லும் காரணத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். சிறு ஊர்களில் ஒரு பழைய கடையை வலுப்படுத்தும் செலவு, சில வேளைகளில் அக்கடையின் விலையையே விழுங்கிவிடும். உரிமையாளர் கைவிட்டால், வாடகைக்கு இருக்கும் சிறு வியாபாரி தெருவுக்கு வருவார், கடைவீதி பாழாகும். இது பொய்யன்று. ஆனால் செலவு செய்யாமல் விட்டதனால் செலவு மறைந்துவிடவில்லை. அது உரிமையாளரின் கணக்குப் புத்தகத்திலிருந்து வழிப்போக்கரின் தலைக்கு மாற்றி எழுதப்படுகிறது. வழிப்போக்கருக்கு அக்கட்டடத்தில் பங்கில்லை, வாடகையில் பங்கில்லை, சுவர் பிணைக்கப்பட்டதா என்று கேட்டறியும் வாய்ப்புமில்லை. ஒன்றும் பெறாதவர் முழு விலையையும் கொடுப்பது எந்த நியாயம்? எனவே கைக்கோராவுக்குப் பின் செய்ததுபோல, பொதுமக்கள் பணம் ஒரு பகுதியைத் தாங்க, உரிமையாளர் ஒரு பகுதியைத் தாங்குவதே நேர்மையான வழி. முகப்பையும் உத்திரத்தையும் இரும்புக் கம்பியால் பிணைப்பது, கட்டடத்தைப் புதிதாக எழுப்புவது போன்ற பெருஞ்செலவும் அன்று.

விதி என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. மனிதர் கூடி வகுக்கும் ஒழுங்கு என்பது மற்றொன்று. பூமி எப்பொழுது அசையும் என்பதை நாளும் நேரமும் குறித்துச் சொல்ல இன்றும் எவராலும் இயலாது. சுவர் எந்தப் பக்கம் விழும் என்பதையோ 1931-லேயே உலகம் அறிந்துகொண்டது. அறிந்த பின்னும் கட்டாத கம்பிக்கு ஊழைக் காரணம் சொல்வது அறிவுடைமை ஆகாது. கொலம்போ வீதியில் மாண்டவர்களைக் கொன்றது முதற்பொருளுக்குரிய விதியன்று. இரண்டாம் பொருளுக்குரிய விதி இருந்தும் அது தவணையிலேயே கிடந்ததுதான்.

அன்பர்களே! நமக்கு இதனால் என்ன என்று கேட்பீராயின், 2015 சூன் 5-ந் தேதி சபாவில் ரானாவ் பகுதியில் எழுந்த பூகம்பம் கினபாலு மலையில் 18 உயிர்களைக் கொண்டுபோனதை நினைவுகூர வேண்டும். சுமத்திராவில் நிலம் அசையும்போது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உயர்ந்த மாடிகள் ஆடுவதை அங்கே குடியிருப்போர் அறிவர். நேப்பியரைப் போன்ற அழிவு நம் கடைவீதிகளுக்கு வருமென்று நாம் அச்சுறுத்தவில்லை. ஆனால் பராமரிப்பற்ற பழைய சுவர் விழுவதற்குப் பூகம்பமே வேண்டுமென்பதில்லை. பல ஆண்டு மழையும், விரிசலில் வேரோடிய அரசங்கன்றும் போதும். கடை வைத்திருப்போர் ஆண்டுக்கொரு முறையேனும் கூரைமேல் ஏறிக் கைப்பிடிச் சுவரைப் பார்ப்பாராக. வாடகைக்கு இருப்போர் விரிசலைக் கண்டால் உரிமையாளருக்கும் நகராண்மைக்கும் எழுத்து மூலமாகத் தெரிவிப்பாராக. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து பிள்ளை குட்டிகளோடு பட்டணத்துக்கு வந்து அஞ்சடியில் நடக்கிறவர், தலைக்கு மேலிருக்கும் சுவரைப் பற்றி எண்ணாமலே வீடு திரும்பவேண்டும். அவருக்காக அதை எண்ணிப் பார்ப்பது, அவரிடம் காசு வாங்கும் கடைத்தெருவின் கடமை.